இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே

வருகைப் பதிவு எடுக்கும்போது நான் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேரமாகும் என்று எண்களைத்தான் சொல்வேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் போய்க்கொண்டே இருப்பேன். "உள்ளேன் மிஸ்" என்று குரல்கள் எங்கிருந்தோ வந்து விழும். பேனா கோடு போட்டுக்கொண்டே இறங்கும். ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதில் எனக்குப் பெருமை வேறு. பக்கத்து வகுப்பு ஆசிரியை பெயர் பெயராகக் கூப்பிட்டு, "ஏம்மா, நேத்து ஏன் வரல?" என்று விசாரித்துப் பத்து நிமிடத்தைக் கரைப்பதைக் கேட்டு உதட்டைச் சுழித்திருக்கிறேன்.

போடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாடியில் எங்கள் வகுப்பறை. இரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்கியதால் நடுவே ஒரு தூண் அப்படியே நின்றுவிட்டது. மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். அதைத் திறந்தால் மலைதான். சாரல் காலத்தில் மேகம் இறங்கி மலை இருந்த இடமே தெரியாது. மற்ற நாட்களில் கடைசி பீரியடு வேளைக்கு, ஏலத்தோட்டத்து வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புகள் ஒவ்வொரு வளைவிலும் தெரிந்து மறையும். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்துவேன். அப்படி நடத்துகிறேன் என்பது எனக்கே தெரியாது. அதைச் சொன்னவள் யார் என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் முதலாமாண்டு வகுப்பு ஒன்றுக்கு என்னைப் பொறுப்பாசிரியையாகப் போட்டார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேர் தேவாரம், ராசிங்காபுரம், பொட்டிபுரம் பக்கத்துப் பிள்ளைகள். சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் ஒரு ஜீப்பு கவிழ்ந்தது. மறுநாள் காலை அலுவலக உதவியாளர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம மொத வருசப் பிள்ளை ஒண்ணும் அதுல போயிருக்கு மேடம். லீவு நாளுன்னு ஆத்தா கூட ஏலக்காய் எடுக்க ஏறியிருக்கு. பிள்ளை செத்துப்போச்சுன்னு பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிறாக."

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வருகை எடுத்தபோது இருபத்தேழு என்றேன். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

நான் போன் செய்திருக்க வேண்டும். பதிவேட்டில் வீட்டு எண் இருந்தது. மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன், மூன்று தடவையும் கீழே வைத்தேன். மகளைப் பறிகொடுத்த வீட்டில் போனை எடுப்பவரிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பிலும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைகள் அழும், எனக்கும் அழுகை வரும், பாடம் நின்றுபோகும். அதோடு அந்த எண்ணுக்குரிய முகம் எனக்கு நினைவில் இல்லை. நாற்பத்தொரு முகங்களில் எது இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? துக்கம் விசாரிக்கப் போகாதவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானத்தையே நானும் சொல்லிக்கொண்டேன். நான் பேசி இனி என்ன ஆகப்போகிறது என்று.

இரண்டு மாதம் தொடர்ந்து வராதவர்களின் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். குறிப்பில் 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதச் சான்றிதழ் வேண்டும், அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அலுவலகத்தில் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருப்பார்கள். அது அலுவலகத்தின் வேலை என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு இருபத்தாறு சொன்னதும் இருபத்தெட்டுக்குப் போய்விடுவேன்.

மாசி வெயில் தொடங்கும் நேரத்தில்தான் அது ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். இருபத்தாறு சொல்லி இருபத்தெட்டுக்கு வாயெடுக்கும் அந்த இடைவெளியில் ஒரு சத்தம் கேட்டது. குரல் இல்லை. பேசப் போகிற ஒருவர் முதலில் உள்ளே இழுக்கும் மூச்சு. இழுத்தது வெளியே வராது. நான் எழுதுவதை நிறுத்தினேன். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். "இருபத்தெட்டு" என்று சத்தமாகச் சொன்னேன்.

அது எல்லா நாளும் கேட்காது. நான்கைந்து நாள் தொடர்ந்து கேட்கும். பிறகு ஒரு மாதம் இருக்காது. அப்பாடா என்று நான் மறக்கிற நேரத்தில் மறுபடி வரும். வீட்டில் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எனவே சொல்லவில்லை.

அந்த வகுப்பு இரண்டாமாண்டு போனபோது என்னைத் தரக் குழுவுக்கும் பொறுப்பாக்கினார்கள். கல்லூரியின் கல்வித் தரத்தை மாணவர்களே மதிப்பிட வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை. குழுவில் ஒரு மாணவப் பிரதிநிதியும் கட்டாயம். என் வகுப்புத் தலைவியையே போட்டேன். கூட்டத்தில் அவள் மிக்சரும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். ஒருமுறை வாய் திறந்து, "மிஸ், ஒண்ணு சொல்லலாமா?" என்றாள். "அடுத்த கூட்டத்துல சொல்லு" என்றேன். அடுத்த கூட்டத்திலும் மிக்சர் வந்தது.

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் கருத்துப் படிவம் கொடுப்போம். போனில் நிரப்பச் சொல்லிப் பார்த்தோம். மலையடிவாரத்துப் பிள்ளைகள் டவர் இல்லை என்றதால் மறுபடி காகிதத்துக்கே வந்தோம். பயமில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காகப் படிவத்தில் பெயரும் கிடையாது, எண்ணும் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று மேலிருந்து கீழே ஒரே நேர்கோட்டில் டிக் அடித்துத் தருவார்கள். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வருகிறவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்புக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படிவத்திலும் அதே மரியாதைதான். 'என்ன மேம்படுத்தலாம்?' என்ற இடத்தில் நாற்பது பேரும் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவார்கள். துணிச்சல்காரி ஒருத்தி 'கேன்டீன்' என்று எழுதுவாள்.

ஆனால் அந்த வகுப்பு எனக்குத் தந்த மதிப்பெண் மரியாதையையும் தாண்டியது. 'ஆசிரியர் மாணவரைக் கவனிக்கிறார்' என்ற வரிக்கு ஐந்துக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் நட்சத்திரம் வரைந்து, சிலர் 'எங்கள் மிஸ் மனசு யாருக்கும் வராது' என்றுகூட எழுதியிருந்தார்கள். நான் அப்படியொன்றும் பிரமாதமான ஆசிரியை இல்லை, எனக்கே தெரியும். ஆனால் புகழ்ச்சி வந்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்? பிள்ளைகளுக்கு என் கண்டிப்பின் அருமை புரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கஷ்டம் எண்ணிக்கையில் வந்தது. நாற்பது படிவத்தை நானே இரண்டு முறை எண்ணி வகுப்புத் தலைவியிடம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தது நாற்பத்தொன்று.

கூடுதலாக இருந்த ஒன்று ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தது. எழுத்துகள் மங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. பென்சிலால் நிரப்பியிருந்தது. எல்லா வரிக்கும் நடுக் கட்டத்தில் டிக். ஆசிரியர் மாணவரைக் கவனிக்கிறார் என்ற வரிக்கு மட்டும் கட்டங்களை விட்டு வெளியே ஒரு பூஜ்யம். மேம்படுத்தும் இடத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது:

'கடைசி பெஞ்சுக்கு முன்னால் தூண் இருக்கிறது. கரும்பலகையின் இடது பாதி தெரியாது. மிஸ் முக்கியமான சமன்பாட்டை இடது பாதியில்தான் எழுதுவார். மிஸ் எங்களைப் பார்த்து நடத்துவதில்லை, ஜன்னல் வழியாக மலைக்கு நடத்துகிறார். இருபத்தாறு சொன்னபின் மூச்சு விடாமல் இருபத்தெட்டு சொல்கிறார். நடுவில் கொஞ்சம் நிறுத்தலாம்.'

ஆசிரியர் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பட்டப்பகல். வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டில் மணி அடித்து விளையாடினார்கள். எனக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது கோபம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். யாரடா இவள், செத்த பிள்ளையின் எண்ணை வைத்து என்னோடு விளையாடுகிறவள்?

பெயரில்லாத படிவத்தின் ஆளைத் தேடக் கூடாது. அந்த விதியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவளே நான்தான். தேடினேன். நாற்பது பேரின் விடைத்தாளையும் எடுத்து வைத்து எழுத்தை ஒத்துப் பார்த்தேன். ஒருவர் எழுத்தும் ஒத்துவரவில்லை. அடுத்த செமஸ்டரிலும் நாற்பது கொடுத்தேன், நாற்பத்தொன்று வந்தது. அதே பென்சில், அதே பூஜ்யம். 'தூணை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும். மிஸ் வலது பாதியில் எழுதலாமே' என்று இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஆய்வகத்துக்குப் போனேன். முதலாமாண்டு ஆய்வகக் குறிப்பேடுகளை ஒரு மர அலமாரியில் கட்டி வைத்திருப்போம். கட்டைப் பிரித்து இருபத்தேழாம் எண்ணின் குறிப்பேட்டை எடுத்தேன். அமில வாடையோடு அதற்குள்ளிருந்து வேறொரு வாசம் வந்தது. ஊரெல்லாம் அடிக்கிற ஏலக்காய் வாசம்தான், ஆனால் மூடிய அலமாரிக்குள் அதை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பினேன். 'ன'வின் கடைசிச் சுழியை மேலே தூக்கி விடும் அதே கை. வரிகளை நெருக்கும் அதே கை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலில் மலை இல்லை, மேகம் மூடியிருந்தது. செத்தவள் வகுப்புக்கு வருகிறாள், நான் பாடம் நடத்துவது சரியில்லை என்கிறாள் என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது. சிரிப்பு வரவேண்டிய வாக்கியம். எனக்கு வரவில்லை.

துறைத் தலைவரிடம் பாதியை மட்டும் சொன்னேன், படிவம் ஒன்று கூடுதலாக வருகிறது என்று. அவர் மூன்றாமாண்டுக்கு மட்டும் பாடம் எடுப்பவர். "இதுக்கா மேடம் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? அதைக் கிழிச்சுப் போடுங்க. எண்ணிக்கை சரியாயிரும். ஆய்வுக் குழு வர்ற நேரத்துல வம்பு எதுக்கு?" என்றார். கிழிக்கக் கை வரவில்லை. இரண்டையும் அலமாரியில் குறிப்பேட்டுக்குள் செருகினேன். அறிக்கையில் நாற்பது என்று எழுதினேன்.

கல்லூரிக்குத் தரம் போடும் அந்த ஆய்வுக் குழு வந்தது மூன்றாமாண்டுத் தொடக்கத்தில். வராந்தாவில் கோலம், தூணுக்கெல்லாம் புது வெள்ளை. மூன்று பேர் வந்தார்கள். மாணவர்களிடம் நேரில் பேச வேண்டும் என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். குழுவில் மூத்த அம்மையார் பிள்ளைகளைப் பார்த்து, "இந்தக் கல்லூரியில் உங்களுக்குப் பிடித்தது ஒன்று சொல்லுங்கள். பயப்படாமல் சொல்லுங்கள்" என்றார்.

என் மிக்சர் பிரதிநிதி எழுந்தாள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பாள் என்று நான் நிம்மதியாக நின்றேன்.

"எங்க மிஸ்ஸைத்தான் மேடம் பிடிக்கும். பேரு அடிச்ச பிள்ளையைக்கூட வெளிய போகச் சொல்ல மாட்டாக. ஒண்ணரை வருசமா வகுப்புல உக்காந்து படிக்க விடுறாக. ஆபீசுக்குத் தெரிஞ்சா வம்புன்னு, பாத்தும் பாக்காத மாதிரி இருப்பாக. ஒரு தடவகூட அந்தப் பக்கம் திரும்பினதில்ல. கூட்டத்துலயே சொல்லணும்னு இருந்தேன். இப்பத்தான் சொல்றேன்."

நாற்பது தலைகளும் பின்னால் திரும்பின. தூணுக்குப் பின்னால் பார்த்தன. அம்மையாரும் பார்த்தார். நான் கடைசியாகத் திரும்பினேன்.

தூணின் ஓரத்தில் ஒருத்தி மெல்ல எழுந்து நின்றாள். சாம்பல் நிறத் துப்பட்டா. ஒல்லியான கைகள். காய் எடுத்து எடுத்துக் கறை ஏறிய கறுத்த விரல்கள். இருபத்தாறாம் எண்ணுக்குப் பிறகு கேட்கிற அந்த மூச்சை அவள் அப்போது உள்ளே இழுத்தாள். எனக்குக் கேட்டது.

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவள் செத்தவள் என்று என் உடம்பு நம்பியிருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்று அறிவு சொன்னபிறகும் உடம்பு கேட்கவில்லை.

அம்மையார் நெகிழ்ந்துபோனார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு ஆசிரியரைப் பார்ப்பது அபூர்வம். இதை அறிக்கையில் எழுதப்போகிறேன்" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் என்ன செய்தேன்? "நன்றி" என்றேன். வெட்கம் கெட்ட அந்த ஒரு சொல்லை என் வாய்தான் சொன்னது.

மாலையில் அவளை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா."

"இருக்கட்டும் மிஸ்."

"அந்த ஜீப்புல..." என்று ஆரம்பித்தேன்.

"ஆத்தாவுக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு மிஸ். எனக்குச் சின்ன அடிதான். எனக்கு இடது பக்கம் உக்காந்திருந்த பிள்ளைதான் செத்துப்போச்சு, அது நம்ம காலேஜ் இல்ல. ஆத்தா எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் வீட்டுலயே இருந்தேன், அப்புறம் ஆத்தா எடத்துக்கு நான் காய் எடுக்கப் போனேன். ஒரு சுத்து எடுத்து முடிஞ்சா அடுத்த சுத்துக்கு நாள் இருக்கும்ல, அப்ப இங்க வருவேன். மொத நாளு வந்தப்ப என் நம்பரைக் கூப்பிடல. ஆபீசுல கேட்டேன். பொறுப்பாசிரியை லெட்டர் தரணும்னாக. உங்க அறைக்கு வந்தேன், மூணு தடவ. நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு, அப்புறம் வான்னு சொன்னீங்க."

"நிமிர்ந்து பார்க்கலையா நான்?"

"இல்ல மிஸ்."

மற்ற ஆசிரியர்களும் அவளைப் பார்த்திருக்கிறார்கள். பொறுப்பாசிரியையே விட்டிருக்கிறாள், நமக்கென்ன என்று இருந்திருக்கிறார்கள். நட்சத்திரம் வரைந்த நாற்பது படிவமும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவை நான் செய்யாத ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பெண்கள்.

"வேணும்னுதான் பார்க்காம இருக்கேன்னு நீயும் நெனச்சியா?"

அவள் தரையைப் பார்த்தாள். "பிள்ளைக அப்படித்தான் நெனைக்குதுக. உங்களுக்கு நெசமாவே தெரியலன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல. உங்களப் பத்தி நல்லா நெனச்சுக்கிட்டு இருக்குதுக, எதுக்குக் கெடுக்கணும்?"

"அந்தப் படிவம் ஏன் எழுதின?"

"அதுல பேரு கேக்கல, நம்பரு கேக்கல மிஸ். இங்க உக்காந்து பாத்தது என்னன்னு மட்டுந்தான் கேட்டாக. அது எனக்கும் தெரியுமே."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

சனி ஞாயிறு கழிந்ததும் முதல்வரிடம் போனேன். அவர் விதிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விளக்கினார். இரண்டே வழிதான். தெரிந்தே அவளை உட்கார வைத்தேன் என்றால் நல்ல பெயர் எனக்கு. ஆனால் அவள் முறைப்படி நீக்கப்பட்டவள், மறுபடி முதலாமாண்டிலிருந்து சேர வேண்டும். விசாரிக்காமல் தவறாக நீக்கினேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் அந்த நீக்கம் செல்லாது. பெயர் திரும்ப வரும், விட்ட தேர்வுகளையும் சேர்த்து இந்த முறையே எழுதலாம். ஆனால் என் கோப்பில் அது நிரந்தரமாக இருக்கும். ஆய்வுக் குழு எழுதிய பாராட்டும் பொய்யாகிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்.

"யோசிங்க மேடம். அந்தப் பொண்ணு மறுபடி சேர்ந்துக்கட்டும். நாம ஏதாவது உதவி பண்ணலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பாராட்டு கல்லூரிக்கும் சேர்ந்துதானே வந்தது.

அன்றைக்குத் திங்கட்கிழமை. உடனே எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை வரை வகுப்பில் இருபத்தாறுக்கு அடுத்து அதே மூச்சு கேட்டது. இப்போது அது யாருடையது என்று தெரியும், ஆனாலும் முன்னைவிட அதிகமாகப் பயந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் நான் அப்போதும் தலையை நிமிர்த்தவில்லை. வியாழக்கிழமை காலை அவள் பக்கமிருந்து சத்தம் வரவில்லை. அடுத்த சுற்றுக் காய் எடுப்பு ஆரம்பித்திருக்க வேண்டும். ஜன்னலில் பார்த்தேன். மலை தெளிவாக இருந்தது. அவள் அங்கே எங்கோ ஏலச் செடியின் தூரில் குனிந்திருப்பாள், இனி முதலாமாண்டுக்கு அவள் திரும்ப மாட்டாள் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. யார் திரும்புவார்கள்? இருபது வயதில் மறுபடி முதலிலிருந்தா?

வெள்ளிக்கிழமை காலை எழுதினேன். 'உயிரோடு இருக்கும் மாணவியை, வீட்டாரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், இறந்துவிட்டதாக எண்ணி நீக்கினேன். அதன் பின் ஒன்றரை ஆண்டு அவர் என் வகுப்பில் அமர்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை.' எழுதியதை முதலில் வகுப்பில் படித்தேன். என் பிரதிநிதி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. பிறகுதான் முதல்வர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவளுடைய வீட்டு எண்ணுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்கள். மகள் பெயரைச் சொல்லி, காலேஜிலிருந்து பேசுகிறேன் என்றதும், "பிள்ளைக்கு என்னாச்சு?" என்று பதறினார்கள். "ஒன்றும் ஆகவில்லை அம்மா" என்றேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் வாயிலிருந்து நான் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம்.

பெயர் திரும்ப வந்தது. சிவப்புக் கோட்டின் மேல் முதல்வர் கையெழுத்திட்டார். அந்தச் செமஸ்டர் தேர்வை எழுதினாள், விட்டவற்றில் பாதியையும் எழுதினாள். நான் எண் சொல்வதை விட்டுப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டேன். பத்து நிமிடம் ஆகிறது. ஆகட்டும். அவள் பெயர் வரும்போது நிமிர்ந்து தூணுக்குப் பின்னால் பார்ப்பேன். தோட்டத்துக்குப் போன நாட்களில் பெஞ்சு காலியாக இருக்கும். வந்த நாட்களில் தனியாக உட்கார்ந்திருப்பாள். "உள்ளேன் மிஸ்" என்பாள். அந்த மூச்சு இப்போது சொல்லாக வெளியே வந்தது.

செமஸ்டர் முடிவில் படிவம் கொடுத்தேன். நாற்பத்தொன்று கொடுத்தேன், நாற்பத்தொன்றே வந்தது. எண்ணிக்கை சரியானதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. மதிப்பெண் சரிந்திருந்தது. நட்சத்திரங்கள் ஒன்றுமில்லை. மூன்றும் இரண்டுமாக, பிள்ளைகள் முதல்முறையாக நினைத்ததை எழுதியிருந்தார்கள். ஆய்வகக் குழாய், நூலக நேரம், நான் கத்துவது எல்லாம் வந்திருந்தது. தரக் குழு என்று ஒன்று அன்றைக்குத்தான் வேலை செய்தது.

பென்சிலால் எழுதிய ஒன்று நடுவில் இருந்தது. ஆசிரியர் மாணவரைக் கவனிக்கிறார் என்ற வரியில், இந்த முறை கட்டத்துக்குள், ஐந்துக்கு இரண்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானாகச் சம்பாதித்த மதிப்பெண் அது. கீழே படித்தேன்.

'இப்போது மிஸ் வலது பாதியில் எழுதுகிறார். நிமிர்ந்தும் பார்க்கிறார். ஆனால் என்னை மட்டும்தான் பார்க்கிறார். எனக்கு இடது பக்கம் உட்காருகிறவளையும் பார்க்கலாம்.'

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாடி ஏறினேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். ஜன்னலைச் சாத்தாமல் விட்டிருந்ததால் சாலைப் புழுதி அறையெங்கும் படிந்திருந்தது. தூணைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். கடைசி பெஞ்சிலும் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்களில் மட்டும் தூசி இல்லை.